பட்டத்தைத் துறந்து பிரதமரானவர்

1963 அக்டோபர் 23ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தன் குடும்பத்தில் வழிவழியாக வந்துகொண்டிருந்த ஏர்ல் பட்டம் தனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். பட்டம் போனதும் பிரபுக்கள் சபையில் இருந்த இடமும் போயிற்று. மக்கள் சபைக்கோ அவர் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அடுத்த இரண்டு வாரங்கள், நாடாளுமன்றத்தின் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் பிரிட்டனின் பிரதமராக இருந்தார். அவர் வாக்குக் கேட்டு வென்று வரட்டும் என்று நாடாளுமன்றத் தொடக்கத்தையே தள்ளிவைத்தார்கள்.

அவர் பெயர் அலெக் டக்ளஸ்-ஹியூம். அதுவரை பதினான்காவது ஹியூம் ஏர்ல். ஓராண்டு நிறைய ஓரிரு நாட்களே இருக்கும்போது பதவி இழந்தார். பிரிட்டிஷ் பிரதமர்களின் பட்டியலில் அவசரமாகக் கடந்துபோகும் பெயர்களில் ஒன்றாகிவிட்டார். அது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். கன்சர்வேடிவ் கட்சிப் பெரியவர்கள் நான்கு பேர் காதும் காதும் வைத்தாற்போல் விசாரித்துத் தலைவரைக் கண்டெடுக்கும் முறையில் பதவிக்கு வந்த கடைசி மனிதர் அவர். அந்த முறைக்கு முடிவு கட்டியவரும் அவரே.

இடிந்துபோன கோட்டை

1903 ஜூலை 2ஆம் தேதி லண்டனின் மேஃபேர் பகுதியில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், ட்வீட் நதியோரம் இருக்கும் கோல்ட்ஸ்ட்ரீம் ஊரை ஒட்டிய ஹர்ஸல் மாளிகைதான் குடும்பத்தின் வீடு. லனார்க்ஷயரில் டக்ளஸ் கோட்டை என்று இன்னொன்றும் இருந்தது. அந்த வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையானபோது, கோட்டையை ஒட்டிய நிலத்தில் நிலக்கரி வெட்ட அலெக்கின் தந்தை அனுமதி கொடுத்தார். நிலம் இறங்கிச் சுவர்கள் விரிந்தன. 1930களின் பிற்பகுதியில் கோட்டையை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

தொழிலாளர்களின் வயிற்றுப்பாட்டுக்காகத் தன் கோட்டையையே இழந்த பிரபுவைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் வேலை தருவதும் தராததும் அவருடைய மனசைப் பொறுத்ததாக இருந்ததே, அதுதான் அந்தச் சமூகத்தின் சிக்கல். மகனுடைய அரசியலிலும் இந்த இரண்டும் கடைசிவரை சேர்ந்தே இருந்தன. நல்ல மனசு ஒரு பக்கம். மேலே இருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை மறுபக்கம்.

தம்பிகளில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். வில்லியம் டக்ளஸ்-ஹியூம் நாடக ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1944இல் பிரெஞ்சுத் துறைமுகமான லு ஹாவ்ரைத் தாக்கும் நடவடிக்கையில் பங்கேற்க மறுத்தார். பொதுமக்கள் வெளியேற வாய்ப்புத் தராமல் தாக்குவது தவறு என்பது அவர் வாதம். ராணுவ நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் கொடுத்தது. வெளியே வந்தவர் 1947இல் ஒரு நாடகம் எழுதினார். அதில் ஏர்ல் வீட்டுப் பிள்ளை தொழிற்கட்சி வேட்பாளராக நிற்க, அந்த வீட்டுப் பணியாளரே கன்சர்வேடிவ் கட்சிக்காக எதிர்த்து நின்று ஜெயித்துவிடுவார்! அண்ணனின் அரசியலுக்குத் தம்பியின் நாடகம் முன்கூட்டியே ஒரு கேள்வி போட்டு வைத்ததுபோல இருக்கிறது.

லார்ட்ஸ் மைதானத்தில் 66 ரன்

ஈட்டன் பள்ளியில் அலெக் எல்லோருக்கும் பிடித்த மாணவர். 1922இல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஈட்டன்-ஹாரோ ஆட்டத்தில், மழையில் நனைந்த ஆடுகளத்தில் 66 ரன் எடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு அவ்வளவு சிறக்கவில்லை. வரலாற்றில் மூன்றாம் வகுப்புத்தான் கிடைத்தது. கிரிக்கெட் சிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, மிடில்செக்ஸ், எம்.சி.சி. உள்ளிட்ட அணிகளுக்காக 10 முதல்தர ஆட்டங்கள் ஆடி 147 ரன்னும் 12 விக்கெட்டும் எடுத்தார். எம்.சி.சி. அணியோடு தென் அமெரிக்காவுக்கும் போய்வந்தார். பிரிட்டிஷ் பிரதமர்களில் முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர் இவர் ஒருவர்தான்.

அவரோடு படித்த எழுத்தாளர் சிரில் கோனலி, இந்த மனிதர் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்திருந்தால் முப்பது வயதுக்குள் பிரதமராகியிருப்பார் என்ற பொருளில் 1938இல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் இவரால் என்ன ஆகும் என்பது அதற்குள் மறைந்திருந்த எண்ணம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அது பொய்த்தது.

மியூனிக்கும் முதுகெலும்பும்

1929இல் கோட்பிரிட்ஜ் தொகுதியில் தோற்று, 1931இல் லனார்க்கில் வென்று மக்கள் சபைக்குப் போனார். ஏர்லின் மூத்த மகன் என்ற முறையில் அப்போது அவருக்கு டங்கிளாஸ் பிரபு என்று பெயர். அது மரியாதைக்கான பட்டம்தான் என்பதால் மக்கள் சபையில் உட்கார எந்தத் தடையும் இல்லை. 1936இல் தன் ஈட்டன் தலைமையாசிரியர் சிரில் ஆலிங்டனின் மகள் எலிசபெத்தை மணந்தார். அதே காலத்தில் நெவில் சேம்பர்லினுக்கு நாடாளுமன்ற உதவியாளரானார்.

1938 செப்டம்பர் இறுதியில் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்குக்குப் பறந்தபோது டங்கிளாஸும் கூடப் போனார். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப்புறத்தை ஹிட்லருக்குக் கொடுத்துவிடுவது என்று நான்கு நாடுகள் அங்கே முடிவு செய்தன. யாருடைய நிலமோ அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடப்படவில்லை. இந்தக் கறை டக்ளஸ்-ஹியூமின் மேல் காலம் முழுக்க இருந்தது. அவரும் சேம்பர்லினைக் கைவிடவில்லை. போருக்குத் தயாராக அந்த ஒப்பந்தம் அவகாசம் வாங்கித் தந்தது என்றே வாதாடிவந்தார். தலைவனிடம் காட்டிய அந்த விசுவாசம் எனக்குப் புரிகிறது. வாதத்தை ஏற்க முடியவில்லை. அந்த அவகாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் செக் மக்கள்.

1940இல் அவருக்கு முதுகெலும்பில் காசநோய் இருப்பது தெரிந்தது. முழங்காலுக்குக் கீழிருந்து எலும்பை எடுத்து முதுகில் வைத்துத் தைத்தார்கள். அதன்பிறகு மாவுக்கட்டில், அசையாமல், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மல்லாந்து கிடந்தார். வயது முப்பத்தேழு. பிரிட்டன் தன் வரலாற்றின் கடுமையான போரில் இருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் படுக்கையில்தான் மார்க்ஸின் 'மூலதனம்' உட்படக் கம்யூனிஸம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். கல்லூரியில் மூன்றாம் வகுப்பு வாங்கியவர் நிஜமாகவே படித்தது அப்போதுதான். அரசியல்வாதி ஒருவனுக்கு முதுகெலும்பு வைத்த பெருமை தன் மருத்துவர்களுக்கே உண்டு என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

எழுந்து வந்தவர் பழைய டங்கிளாஸ் இல்லை. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டின் முடிவுகள் மக்கள் சபைக்கு வந்தன. போலந்தின் எதிர்காலத்தை ஸ்டாலினின் கையில் கொடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. சர்ச்சில் புகழின் உச்சியில் இருந்த நேரம். அவர் சொந்தக் கட்சியிலிருந்தே எழுந்து, போலந்துக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்ட சிலரில் டங்கிளாஸும் ஒருவர். மியூனிக்கில் மௌனமாக நின்ற உதவியாளர், யால்டா விவாதத்தில் ஒரு சிறிய நாட்டுக்காகப் பேசினார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் தருணம் இது.

பிறப்பு கொடுத்த இடம்

1945ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோற்றார். 1950இல் மீண்டும் வென்றார். 1951 ஜூலையில் தந்தை இறந்தார். அந்த நிமிடமே அலெக் பதினான்காவது ஏர்ல். மக்கள் சபையில் அவருடைய இடம் காலி. லனார்க் மக்கள் போட்ட ஓட்டு செல்லாமல் போயிற்று. மறுப்பதற்குச் சட்டத்தில் வழியே இல்லை.

பிரபுக்கள் சபையிலிருந்தபடி படிப்படியாக உயர்ந்தார். 1955 முதல் 1960 வரை காமன்வெல்த் உறவுகளுக்கான அமைச்சர். சூயஸ் நெருக்கடியில் பிரதமர் ஈடனின் பக்கம் நின்றுகொண்டே, கொதித்துப்போயிருந்த இந்தியா போன்ற நாடுகளைக் காமன்வெல்த்துக்குள் பிடித்து வைக்க வேண்டிய வேலை அவருடையது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் 1957இல் பிரிட்டன் இலங்கையிடம் ஒப்படைத்தபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது.

1960இல் பிரதமர் மேக்மில்லன் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். எதிர்க்கட்சி கொந்தளித்தது. ஹாலிஃபாக்ஸ் பிரபுவுக்குப் பிறகு இருபது ஆண்டுகளாகப் பிரபுக்கள் சபையிலிருந்து யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. (அந்த ஹாலிஃபாக்ஸ்தான், காந்தியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நம் பழைய வைஸ்ராய் இர்வின்.) மக்கள் தேர்ந்தெடுத்த சபையில் நின்று பதில் சொல்ல முடியாதவர் எப்படி வெளியுறவை நடத்தலாம் என்ற கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கென்று எட்வர்ட் ஹீத்தை மக்கள் சபையில் அமர்த்தினார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தப் பதவியில் அவர் செய்தவற்றில் நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு. கோவா விடுவிக்கப்பட்ட சில நாட்களில், 1961 டிசம்பர் 28ஆம் தேதி, பெரிக் நகரில் பேசியபோது ஐ.நா. சபையைக் கடுமையாகச் சாடினார். காலனி ஆதிக்கத்தை எதிர்த்து உரக்கப் பேசும் நாடுகள் தங்கள் விஷயத்தில் வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன என்றார். நானூற்றைம்பது ஆண்டுகள் போர்ச்சுகலின் பிடியில் இருந்த ஊர் எந்த அளவுகோலால் காத்திருக்க வேண்டும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மறுபுறம், 1963 ஆகஸ்ட் 5ஆம் தேதி மாஸ்கோவில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்காகக் கையெழுத்திட்டது அவர் கை. வளிமண்டலத்திலும் கடலிலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிப்பதை நிறுத்த மூன்று வல்லரசுகள் ஒப்புக்கொண்ட நாள் அது.

பென் தொடுத்த போர்

இந்தக் கதையில் டோனி பென்னுக்கு முக்கியமான இடம் உண்டு. தொழிற்கட்சியின் இளம் உறுப்பினர். அவர் தந்தை வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர். பின்னர் ஸ்டான்ஸ்கேட் விஸ்கவுன்ட் ஆனார். 1960 நவம்பரில் தந்தை இறக்க, பட்டம் மகன் தலையில் விழுந்தது. மக்கள் சபைக் கதவு அவருக்கு அடைபட்டது. பென் சும்மா இருக்கவில்லை. 1961 மே மாதம் பிரிஸ்டல் இடைத்தேர்தலில் மீண்டும் நின்று அமோகமாக வென்றார். தேர்தல் நீதிமன்றமோ தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளரை வென்றவராக அறிவித்தது.

பென் விடாமல் போராடியதன் விளைவாக 1963இல் பிரபுத்துவச் சட்டம் வந்தது. விருப்பமில்லாதவர் பட்டத்தைத் துறக்கலாம். அடுத்த பொதுத்தேர்தல் சமயத்தில்தான் அமலுக்கு வர வேண்டும் என்பது அரசின் முதல் எண்ணம். பிரபுக்கள் சபை அதைத் திருத்தி உடனடியாக்கியது. ஜூலை 31ஆம் தேதி அரசியின் ஒப்புதல் கிடைத்த சற்று நேரத்தில் பென் பட்டத்தைத் துறந்தார். அந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால், அக்டோபரில் எந்தப் பிரபுவும் பிரதமராகக் கனவு கண்டிருக்க முடியாது. இடதுசாரி ஒருவர் மக்களாட்சிக்காக வென்ற உரிமை, ஒரு ஏர்லைப் பிரதமராக்கவும் பயன்பட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தேர்வு

1963 அக்டோபர் 8ஆம் தேதி மேக்மில்லன் நோயில் விழுந்தார். கன்சர்வேடிவ் கட்சியின் மாநாடு பிளாக்பூல் கடற்கரை நகரில் கூடிக்கொண்டிருந்தது. தான் விலகப்போவதாக அவர் அனுப்பிய கடிதத்தை மாநாட்டில் படித்தவர் ஹியூம். கடற்கரை ஹோட்டல்களில் உடனே களேபரம். அமைச்சர் ஹெய்ல்ஷாம் பிரபு தன் பட்டத்தைத் துறப்பேன் என்று அன்று மாலையே அறிவித்தார். அவருக்கென்று சட்டையில் குத்தும் பேட்ஜுகள் விநியோகமாயின. ராப் பட்லர் நிதானமாக இருந்தார்.

யாரைக் கேட்டாலும் பட்லர்தான் அடுத்த பிரதமர் என்றிருப்பார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் அட்டோக்கில் பிறந்தவர். 1935 இந்தியச் சட்டத்தை மக்கள் சபையில் நிறைவேற்ற உழைத்தவர். 1944 கல்விச் சட்டத்தின் சிற்பி. அவர் பிரதமராவதை மேக்மில்லன் விரும்பவில்லை.

கட்சியில் அப்போது தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலே கிடையாது. அமைச்சர்களை ஒருவர், எம்.பி.க்களை ஒருவர், பிரபுக்களை ஒருவர், கட்சிக் கிளைகளை ஒருவர் என்று நால்வர் விசாரித்தார்கள். எத்தனை பேர் யார் பக்கம் என்ற கணக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சுருக்கம் ஆஸ்பத்திரியில் இருந்த மேக்மில்லனிடம் போயிற்று. அக்டோபர் 18ஆம் தேதி காலை அவர் ராஜினாமா செய்ய, அரசி எலிசபெத் மருத்துவமனைக்கே வந்து கட்டிலருகே ஆலோசனை கேட்டார். ஹியூமை அழைக்கச் சொன்னார் மேக்மில்லன்.

முந்தைய இரவு அமைச்சர் ஈனாக் பவலின் வீட்டில் சில அமைச்சர்கள் கூடி, பட்லருக்கே எங்கள் ஆதரவு என்று முடிவெடுத்திருந்தார்கள். பட்லர் மட்டும் முடியாது என்று சொல்லியிருந்தால் ஹியூமால் அமைச்சரவை அமைத்திருக்க முடியாது. கட்சி உடைந்துவிடும் என்று அஞ்சிய பட்லர் வெளியுறவுப் பதவியை ஏற்றுக்கொண்டார். பவலும் இயன் மெக்லியோடும் மட்டும் சேர மறுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, 'ஸ்பெக்டேட்டர்' ஆசிரியராக இருந்த மெக்லியோட் உள்ளே நடந்ததைப் போட்டு உடைத்தார். முடிவைக் கையில் வைத்திருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஈட்டனில் படித்தவர்கள் என்று எழுதினார். அந்தக் கும்பலுக்கு அவர் வைத்த 'மாய வட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஹியூம் ஸ்காட்லாந்தின் கின்ராஸ் தொகுதியில் நின்று நவம்பர் 7 இடைத்தேர்தலில் 9,328 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஒரு வருஷம்

எதிரே நின்ற தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் கிராமர் பள்ளியில் படித்து மேலே வந்த பொருளாதார நிபுணர். அரை நூற்றாண்டு மக்களாட்சி முன்னேற்றமும் ஒரு பதினான்காவது ஏர்லில் வந்து நின்றுவிட்டதே என்று தாக்கினார். யோசித்துப் பார்த்தால் திரு. வில்சனும் பதினான்காவது திரு. வில்சனாகத்தான் இருப்பார் என்று பதில் சொன்னார் டக்ளஸ்-ஹியூம். நாடே சிரித்தது. ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. எந்த வில்சனும் பிறந்த காரணத்தால் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்ததில்லை.

பொருளாதாரக் காகிதங்களைப் புரிந்துகொள்ளத் தீக்குச்சிகளை அடுக்கிப் பார்ப்பேன் என்று பிரதமராகும் முன் ஒரு பேட்டியில் வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார். வில்சன் அதை விடவே இல்லை. தொலைக்காட்சி அரசியலுக்கு வந்துவிட்ட காலம். ஒல்லி முகமும் அரைநிலாக் கண்ணாடியும் திரையில் எடுபடவில்லை. ஆனால் நேரில் பழகியவர்கள் அவரிடம் அகந்தையைக் கண்டதில்லை. 1964 ஏப்ரலில், அபர்டீன் அருகே நண்பர் வீட்டில் அவர் தனியாக இருந்தபோது சில மாணவர்கள் அவரைக் கடத்திப்போக வந்தார்கள். என்னைக் கடத்தினால் என் கட்சி இன்னும் பெரிதாக ஜெயிக்கும் என்று எடுத்துச் சொல்லி, அவர்களுக்கு பீர் கொடுத்து அனுப்பிவைத்தார். மெய்க்காப்பாளருக்கு வேலை போய்விடுமே என்று விஷயத்தை வெளியே விடவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2008இல், ஹெய்ல்ஷாமின் நாட்குறிப்பு மூலமாகத்தான் இது தெரியவந்தது.

ஆட்சியில் ஒரு பெரிய சீர்திருத்தம்: பொருளின் சில்லறை விலையை உற்பத்தியாளரே கட்டுப்படுத்தும் முறையை ஒழித்தது. சிறு கடைக்காரர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கன்சர்வேடிவ் கட்சியின் முதுகெலும்பு. தேர்தல் ஆண்டில் இது வேண்டுமா என்று கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். 1964 அக்டோபர் 15 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 317 இடம், கன்சர்வேடிவ் கட்சிக்கு 304, லிபரல்களுக்கு 9. நான்கே இடப் பெரும்பான்மை. பதின்மூன்று ஆண்டு ஆட்சியின் களைப்போடு நின்ற கட்சியை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது சாதாரணக் காரியம் இல்லை.

வாக்குப்பெட்டி வந்தது

இதன்பின் அவர் செய்ததுதான் முக்கியம். தோற்ற தலைவர் பழைய முறையையே வைத்துக்கொண்டு தன் வாரிசைத் தேடியிருக்கலாம். டக்ளஸ்-ஹியூம் 1965 பிப்ரவரியில் புதிய விதியைக் கொண்டுவந்தார். இனிக் கட்சித் தலைவரை எம்.பி.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூலையில் தானே விலகினார். முதல் தேர்தலில் ஹீத்துக்கு 150 வாக்கு, மாட்லிங்குக்கு 133, பவலுக்கு 15. வெளியுறவுத் துறையில் ஏர்லுக்காக மக்கள் சபையில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே ஹீத், பிராட்ஸ்டேர்ஸ் ஊர்த் தச்சரின் மகன், கன்சர்வேடிவ் தலைவரானார்.

நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவரின் கீழே வேலை செய்ய எத்தனை முன்னாள் பிரதமர்கள் ஒப்புக்கொள்வார்கள்? 1970இல் ஹீத் பிரதமரானபோது டக்ளஸ்-ஹியூம் மீண்டும் வெளியுறவு அமைச்சரானார். 1971 செப்டம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் 105 சோவியத் அதிகாரிகளை ஒரே அடியில் வெளியேற்றினார். தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதை மீண்டும் தொடங்க முயன்றது அந்தக் காலத்தின் பெரிய பிழை. நிறவெறி அரசை ஒரு ராணுவக் கூட்டாளியாக மட்டும் அவர் பார்த்தார். அங்கே நசுங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் அவர் கணக்கில் வரவில்லை. ரொடீசியாவின் வெள்ளை ஆட்சியாளர் இயன் ஸ்மித்தோடு 1971இல் அவர் செய்த உடன்பாட்டை ஆப்பிரிக்க மக்கள் ஏற்கவில்லை என்று, அவர்கள் கருத்தைக் கேட்கப் போன பியர்ஸ் குழு அறிவித்தது. மக்களைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையாவது அந்த உடன்பாட்டில் இருந்தது. 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபோது, உள்நாட்டு எதிர்ப்பை மீறி ஏறத்தாழ 28,000 பேருக்கு பிரிட்டன் கதவு திறந்ததும் அவர் காலத்தில்தான்.

1974இல் ஹீத் இரண்டு தேர்தல்களில் தோற்றார். ஆனால் தலைமையை விடுவதாக இல்லை. பதவியில் இருக்கும் தலைவரை எதிர்த்து நிற்க 1965 விதியில் வழி இல்லை. விதியைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் டக்ளஸ்-ஹியூம். ஆண்டுதோறும் தலைவருக்குப் போட்டி வரலாம் என்று அந்தக் குழு மாற்றியது. 1975 பிப்ரவரி முதல் சுற்றில் ஹீத்துக்கு 119 வாக்கு. எதிர்த்து நின்ற மார்கரெட் தாட்சருக்கு 130. கிரந்தம் ஊர் மளிகைக் கடைக்காரரின் மகள், நான்கு பேர் விசாரித்துக் கண்டெடுக்கும் பழைய ஏற்பாட்டில் தலைவராகியிருக்க வாய்ப்பே இல்லை. தாட்சர் பின்னால் செய்தவற்றில் எனக்கு உடன்பாடில்லாதவை ஏராளம். ஆனாலும் ஒரு கடைக்காரரின் மகள் அந்த இடத்தில் போட்டியிட விதி எழுதிக்கொடுத்தது ஒரு ஏர்ல் வீட்டுப் பிள்ளை என்பதை மறக்கக் கூடாது.

டக்ளஸ்-ஹியூம் 1974இல் பிரபுக்கள் சபைக்குத் திரும்பினார். இந்த முறை ஆயுட்காலப் பிரபுவாக, தான் உழைத்துப் பெற்ற இடத்தில். 1995 அக்டோபர் 9ஆம் தேதி, 92 வயதில், ஹர்ஸல் மாளிகையில் காலமானார். அவர் துறந்த பழைய பட்டம் மகன் டேவிட்டுக்குப் போயிற்று, பதினைந்தாவது ஏர்லாக. நான்கு ஆண்டுகளில் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை அந்தச் சபையிலிருந்து சட்டம் வெளியேற்றியது. 92 பேர் மட்டும் இருக்கலாம் என்று அப்போது விட்டுவைத்தது. அந்த இடங்களில் ஒன்றைப் பிடிக்கப் பதினைந்தாவது ஏர்ல் சக பிரபுக்களிடம் வாக்குக் கேட்டுத் தேர்தலில் நின்றார். வென்றார்.